சரவெடியைப் பேச்சுக்கு அழைத்தார்கள்

சந்தைத் தெருவில் ஒரு பட்டாசுக் கடை இருந்தது. அதன் மேல்தட்டில் இரண்டு அணுகுண்டுகள் ஆளுக்கொரு பெட்டிப் பரிவாரத்தோடு எதிரெதிரே உட்கார்ந்து, ஒன்றையொன்று முறைத்தே காலம் தள்ளின.

கீழ்த்தட்டில் ஒரு சரவெடி. வந்த புதிதில் அது முழ நீளம்தான். வாரந்தோறும் நாலைந்து ஊசிவெடிகளைப் பிடித்து வாலில் கட்டிக்கொண்டதில், இப்போது தட்டைத் தாண்டித் தொங்கியது.

இரண்டு தட்டுக்கும் நடுவே இருந்த கம்பி மத்தாப்புக்குத் தூக்கம் போயிற்று. யார் வெடித்தாலும் முதலில் போவது அதுதான். எல்லாரையும் பேச்சுக்கு அழைத்தது.

இரண்டில் பெரிய அணுகுண்டு தொண்டையைச் செருமியது. "தம்பி, நீ இப்படி வளர்றது கடைக்கே ஆபத்து. நாங்க குறைச்சுக்கிட்டு வர்றோம்."

"எவ்வளவு குறைச்சீங்க அண்ணே?"

"நமுத்துப்போன ரெண்டைத் தூக்கிப் போட்டோம்."

"மிச்சம்?"

"ஆளுக்கு ஒரு பெட்டிதான்."

"நீங்க என் அளவுக்கு இறங்கி வாங்க, அப்புறம் பேசலாம்," என்றது சரவெடி.

"உங்கிட்ட எத்தனை வெடி இருக்கு? அதையாவது சொல்லேன்," என்றது மத்தாப்பு.

"அதைச் சொல்ற வழக்கம் எங்க குடும்பத்துல இல்லக்கா." சரவெடி வாலைச் சுருட்டித் தனக்கு அடியில் ஒளித்தது. வால் மறுபக்கம் எட்டிப் பார்த்தது.

பேச்சு அத்தோடு முறியப் பார்த்தது. அப்போது ஓர் ஆள் எரியும் பீடியோடு உள்ளே வந்தான்.

"அண்ணாச்சி, பிள்ளை கொளுத்தச் சாட்டை இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே தட்டின் மேல் குனிந்தான். பீடி நுனியில் சாம்பல் ஆடியது.

"யோவ், கடையைக் கொளுத்தவா வந்தே?" என்று கடைக்காரர் மாடக்கண்ணு அவனைத் தெருவுக்கே தள்ளிக்கொண்டு போனார்.

சரவெடிதான் முதலில் வாய் திறந்தது.

"அண்ணே, அவன் குனிஞ்சப்ப நீங்க எதைப் பார்த்தீங்க?"

"உன் திரியை. நீ?"

"உங்க திரியை."

"நான் எதிர்ப்பெட்டிக்காரன் திரியை," என்றது இரண்டாவது அணுகுண்டு.

"பீடியை யாருமே பார்க்கலையா?" என்றது மத்தாப்பு.



அன்று ஒன்றே ஒன்று முடிவாயிற்று: நெருப்பை யார் முதலில் கண்டாலும் மற்றவர்களுக்குச் சத்தம் கொடுக்க வேண்டும். எண்ணிக்கையை யாரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

அந்த வாரம் முழுக்க வாசலையே பார்த்துக்கொண்டிருந்ததில், வாலில் ஊசிவெடி கட்டிக்கொள்ளச் சரவெடிக்கு மறந்தே போயிற்று.