ஆச்சியின் டிவிடெண்ட்

“ஒரு பொய்யை நிறுத்தாம, அது மேல வளராம மட்டும் பார்த்துக்க வழி இருக்காம்மா?” என்று கேட்டார் வைரவன்.

திலகவதி அம்மை எதிரே இருந்த பாயைக் காட்டினார்.

அம்மையின் மடம் காரைக்குடியிலிருந்து அரைமணி நேரப் பயணம். அம்மைக்கு நாற்பத்தாறு வயது. வைரவனுக்கு அறுபத்திரண்டு. சிமெண்ட் கம்பெனியில் கணக்குப் பிரிவைப் பார்த்து ஓய்வு பெற்றவர். பதினோரு வருடங்களாக மாதம் ஒருமுறை வருகிறார்.

இந்த முறை அக்கா சிகப்பியையும் அழைத்து வந்திருந்தார். அக்காவை ஆச்சி என்பது அவர்கள் வழக்கம். ஆச்சி வந்ததும் வராததுமாகச் சமையலறைக்குப் போய் அரிவாள்மணை முன் உட்கார்ந்துவிட்டார்.

“என்ன பொய்?”

“ஆச்சிக்கு மதுரையில ஒரு கடை இருந்தது. வாடகைக்காரன் தொல்லை. வித்துட்டு நாற்பது லட்சத்தை ரீட்ல போடச் சொன்னேன்.”

“அப்படின்னா?”

“பெரிய பெரிய ஆபீஸ் கட்டடங்க. ஆயிரக்கணக்கான பேர் சேர்ந்து பணம் போட்டிருப்போம். வர்ற வாடகையை மூணு மாசத்துக்கு ஒருதரம் பிரிச்சுக் கொடுப்பாங்க. டிவிடெண்ட். வாடகைக்காரன் மூஞ்சியில முழிக்க வேண்டாம், குழாய் ஒழுகுதுன்னு ஓட வேண்டாம்.”

“நல்லதுதானே.”

“ஆச்சிக்கு அதை வாங்கி வைக்க டீமேட் கணக்கு கிடையாது. என் பேர்லயே வாங்கினேன். பணம் எனக்கு வரும், நான் அனுப்பிவைப்பேன். தடவைக்கு அறுபத்தஞ்சாயிரம்னு சொல்லியிருந்தேன்.”

“வரலையா?”

“போன வருஷம் ஒரு கம்பெனி ரெண்டு மாடியைக் காலி பண்ணிட்டுப் போயிட்டான். ஐம்பத்துமூணுதான் வந்தது. பன்னிரண்டு நான் போட்டு அறுபத்தஞ்சா அனுப்பினேன். நாலு தடவை ஆச்சு.”

“சொல்லலை.”

“பயந்துடுவாங்கன்னுதான்.”

சமையலறையிலிருந்து ஆச்சியின் குரல் வந்தது.

“மழை தப்பினாலும் அது தப்பாது. அறுபத்தஞ்சுன்னா அறுபத்தஞ்சு. எங்க தம்பி கைராசி அப்படி.”

“என்கிட்டயும் ரெண்டு லட்சம் இருக்கு ஆச்சி. தம்பிகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க” என்றாள் சமையல்கார பேச்சியம்மா. “வீட்ல வச்சிருந்தா அந்த மனுசன் சேவச்சண்டையில விட்ருவாரு.”

“சொல்லிட்டாப் போச்சு.”

வைரவன் சட்டைப் பையிலிருந்து ஒரு காசோலையை எடுத்தார்.

“இது நேத்துக் கொடுத்தாங்க. வைரத்தோட்டை வித்திருக்காங்க. பதினஞ்சு லட்சம். இதையும் அதுலயே போடணுமாம். இதுக்கு மேல அவங்ககிட்ட ஒண்ணும் இல்லைம்மா.”

அம்மை காசோலையைப் பார்க்கவில்லை.

“அறுபத்தஞ்சுக்கு மேல எப்பவாவது வந்ததா?”

வைரவன் காசோலையை மடித்தார். ஏற்கெனவே மடித்திருந்ததை இன்னும் ஒரு மடிப்பு.

“ஒரு தடவை. எழுபத்துநாலு.”

“குறைஞ்சதுக்குப் பின்னாலயா?”

“முன்னால. ரொம்ப முன்னால.”

“ஆச்சிக்கு எவ்வளவு போச்சு?”

“அறுபத்தஞ்சு.”

“ஏன்?”

“கூடுதலாக் கொடுத்தா அடுத்த தடவையும் எதிர்பார்ப்பாங்க. பின்னாடி எப்பவாவது குறைஞ்சா சரிக்கட்டலாம்னு நினைச்சேன்.”

“எடுத்து வச்சீங்களா?”

“இல்லை.”

“என்ன ஆச்சு?”

“இங்க அன்னதானத்துக்குக் கொடுத்தேன்.”

“யார் பேர்ல?”

வைரவன் தரையைப் பார்த்தார். “என் பேர்ல.”

“அன்னைக்கு நான் சாப்பிட்டேனா?”

“நான்தாம்மா பரிமாறினேன்.”

“ஞாபகம் இருக்கு. பாயசம் நல்லா இருந்தது.”

வைரவன் நிமிர்ந்து உட்கார்ந்தார். கணக்குப் பிரிவில் பேசுகிறவரைப் போலச் சொன்னார்:

“ஒன்பதாயிரம் எடுத்தேன். நாற்பத்தெட்டாயிரம் போட்டிருக்கேனே.”

“அப்ப ஆச்சிதான் உங்களுக்குத் தரணும். கூப்பிடுறேன்.”

அவர் தடுப்பதற்குள் கூப்பிட்டுவிட்டார்.

ஆச்சி ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி வந்தார். “என்னம்மா?”

“தம்பிக்கு உங்ககிட்ட ஒண்ணு சொல்லணுமாம்.”

வைரவன் சொன்னார். காலியான இரண்டு மாடிகள். ஐம்பத்துமூன்று. பன்னிரண்டு. நான்கு தடவை. எழுபத்துநாலுக்கு வராமல் அத்தோடு நிறுத்திக்கொண்டார்.

ஆச்சிக்குக் கண் நிறைந்துவிட்டது.

“உன் பென்ஷன்லயிருந்தா போட்ட? எனக்காகவா?”

வைரவன் தலையைக் குனிந்துகொண்டார்.

“பைத்தியக்காரா. குறைஞ்சுபோச்சுன்னு சொன்னா நான் என்ன செத்தா போயிருப்பேன்?” தம்பியின் தலையில் கை வைத்தார். “அந்தச் செக்கை நீயே வச்சுக்க. எங்க போடணுமோ போடு. இனிமே நான் கேட்கவே மாட்டேன்.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு சமையலறைக்குத் திரும்பினார்.

“கேட்டியா பேச்சி? டிவிடெண்ட் குறைஞ்சிருக்கு. எனக்குத் தெரியக்கூடாதுன்னு தன் கைக்காசைப் போட்டு அனுப்பியிருக்கான்டி எங்க தம்பி!”

“இந்தக் காலத்துல யாரு ஆச்சி செய்வா? கும்பிட வேண்டிய மனுசன்.”

வைரவன் மூச்சை வெளியே விட்டார்.

“சொல்லிட்டேம்மா.”

அம்மை எழுந்தார். பாயைச் சுற்றி நடந்து வந்தார். வைரவனின் காலடியில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

வைரவன் துள்ளி எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டார். “அம்மா! என்ன இது, எந்திரிங்க!”

அம்மை எழவில்லை. தரையிலிருந்தபடியே சொன்னார்:

“பேச்சியம்மா சொன்னது காதுல விழுந்தது.”

வைரவன் அங்கே நிற்கவில்லை.

சமையலறை வாசலில் அவரைக் கண்டதும் பேச்சியம்மா எழுந்து நின்றாள். ஆச்சி முருங்கைக்காயை நறுக்கிக்கொண்டிருந்தார்.

“என்ன தம்பி, காபி போடச் சொல்லவா?”

“ஆச்சி, ஒரு தடவை எழுபத்துநாலு வந்தது. உங்களுக்கு அறுபத்தஞ்சுதான் அனுப்பினேன். மிச்சத்தை நான் எடுத்துக்கிட்டேன்.”

ஆச்சியின் கை நின்றது.

“குறைஞ்சப்ப ஈடுகட்டவா?”

“அப்ப ஒண்ணும் குறையலை ஆச்சி. எடுத்துட்டேன். எடுத்து, இங்க என் பேர்ல சோறு போட்டேன்.”

பேச்சியம்மா அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வைரவன் காசோலையைத் தரையில், நறுக்கிய காய்களுக்குப் பக்கத்தில் வைத்தார். ஆச்சி அதை எடுத்து, மடிப்பு மடிப்பாகப் பிரித்து, தொகையைப் படித்துப் பார்த்தார். முந்தானையில் முடிந்துகொண்டார்.

தம்பியின் முகத்தைப் பார்க்கவில்லை. அரிவாள்மணையைச் சற்று நகர்த்தி, பக்கத்தில் ஒரு ஆள் உட்கார இடம் விட்டார்.

“உட்காரு. முதல்லயிருந்து சொல்லு.”