நெருக்கி உட்கார மறுத்த நாலு ஜி.பி.

மலையடிவாரத்தில் ஓடையை ஒட்டி ஒரு பள்ளம். பள்ளம் முழுக்க வெள்ளெலிகளின் வளைகள். பள்ளத்துக்கு மேலே, பாறை மீது, வனக்காவலர்கள் விட்டுவிட்டுப் போன ஒரு தகரக் கொட்டகை. அதற்குள் ஒரு பழைய கம்ப்யூட்டர். அதைப் பார்த்துக்கொண்டது மொக்கையன் என்ற முள்ளம்பன்றி.

கம்ப்யூட்டருக்கு ஒரே ஒரு வேலைதான். ஓடையில் நட்டிருந்த கம்பத்தின் சிவப்புக் கோட்டைத் தண்ணீர் தொட்டால், கூரை மேலிருந்த ஹாரனை அலறவிட வேண்டும். அந்த ஹாரன் அலறினால் மூன்று மலை தாண்டி இருக்கும் நத்தைகூட ஓட்டம் பிடிக்கும். எலிகள் பாறைக்கு ஏறிவிடும். மற்றபடி அந்தப் பெட்டிக்கு ஒன்றும் தெரியாது. கறுப்புத் திரை, பச்சை எழுத்து, அவ்வளவுதான்.

போன மழைக்காலத்திலும் அது அலறியது. செவத்தாள் என்ற எலிக்கு அப்போது ஒன்பது குஞ்சுகள். கண் திறக்காத குஞ்சு நடக்காது. ஒவ்வொன்றாக வாயில் கவ்வித்தான் தூக்க வேண்டும். ஐந்தாவதைப் பாறையில் வைத்துவிட்டுத் திரும்பினாள். வளை இருந்த இடத்தில் தண்ணீர் சுழித்துக்கொண்டிருந்தது.

இந்த ஆண்டும் அவள் வயிறு கனத்திருந்தது. அந்தச் சமயத்தில்தான் சங்கிலி என்ற குரங்கு பள்ளத்துக்கு வந்தது.

சங்கிலி டவுனில் ஒரு கம்ப்யூட்டர் கடை ஜன்னலில் ஒரு மாதம் உட்கார்ந்திருந்ததாம். கன்னத்துப் பையிலிருந்து வேர்க்கடலையோடு ஒரு பென் டிரைவையும் துப்பியது. அதற்குள் புது சிஸ்டம் இருக்கிறது என்றது. பழையதுபோலத் தண்ணீர் வரும்வரை சும்மா இருக்காதாம். மேகத்தைப் பார்க்கும், காற்றைப் பார்க்கும், அரை நாள் முன்னாலேயே இனிமையான குரலில் சொல்லிவிடும். மேல்காட்டுக் கரடிகளின் கம்ப்யூட்டரிலும் சங்கிலிதான் இதைப் போட்டுவிட்டதாம். அங்கே கரடிகள் சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு, சோம்பல் முறித்துவிட்டுத்தான் வெள்ளத்துக்குக் கிளம்புகின்றனவாம்.

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அதுதான் கொடுமை.

அரை நாள் என்றதும் செவத்தாள் மனதுக்குள் நடைகளை எண்ணிப் பார்த்தாள். ஒன்பது குஞ்சு அல்ல, தொண்ணூறு குஞ்சைக்கூடத் தூக்கலாம்.

பென் டிரைவைச் சுற்றியிருந்த தாளை மொக்கையன் பிரித்துப் படித்தது. காவலர்களின் மேசைக்கு அடியில் குடியிருந்ததில் அதற்கு எழுத்து தெரியும். குறைந்தபட்சம் நாலு ஜி.பி. மெமரி வேண்டும் என்று போட்டிருந்தது.

"நம்ம பெட்டியில ரெண்டுதான் இருக்கு. கரடிகள்கிட்ட எட்டு இருக்கு. இது நமக்கு ஆகாது" என்றது.

ஜி.பி. என்றால் என்ன என்று எலிகள் கேட்டன. பெட்டிக்குள் இருக்கிற இடம் என்று மொக்கையன் சொன்னதும் பள்ளமே சிரித்தது. இடத்தைப் பற்றி எலிகளுக்கா பாடம்? வளை வாசலில் வந்து நிற்கிறவரிடம் இடமில்லை என்று சொல்லக் கூடாது என்பது அந்தக் குலத்தின் சட்டம். நாலு பேருக்குத் தோண்டிய வளையில் பதினெட்டுப் பேர் ஒரு பனிக்காலம் முழுவதும் இருந்திருக்கிறார்கள். ஒருவர் மூச்சை இழுத்தால் அடுத்தவர் விடுவார். அப்படித்தான் அவர்கள் பிழைத்து வந்தார்கள்.

"கொஞ்சம் நெருக்கி உட்காரச் சொல்லுங்க மாமா" என்றாள் செவத்தாள்.

"நெருக்கி உட்கார அது எலி இல்ல தாயி."

சங்கிலி குறுக்கே புகுந்தது. "பெரிசுக்குப் பயம். புதுசு வந்தா தன்னை யாரு மதிப்பாங்கன்னு பயம். தாளில போடுறவன் எப்பவும் கூட்டித்தான் போடுவான். நாலுன்னா ரெண்டு போதும்னு அர்த்தம்."

மொக்கையன் விடவில்லை. பழையது ஒரு ஓரமாக இருக்கட்டுமே என்று கேட்டுப் பார்த்தது. பழையதை அழித்தால்தான் டிஸ்கில் புதியதற்கு இடம் கிடைக்கும் என்றது குரங்கு. இந்த மழைக்காலம் போகட்டும் என்று மொக்கையன் கெஞ்சியது.

அப்போது செவத்தாள் கிட்டே வந்து மெதுவாகச் சொன்னாள். "போன வருஷம் நாலு போச்சு. எந்த நாலு தெரியுமா? கடைசியா தூக்கிக்கலாம்னு நானே ஒதுக்கி வெச்ச நாலு. இந்தத் தடவை யாரையும் என்னை ஒதுக்க வைக்காதீங்க."

மொக்கையன் பெட்டியின் பக்கம் திரும்பியது. தன் மூக்காலேயே பொத்தானை அழுத்திப் பழையதை அழித்தது.

புதியதைப் போடும்போது பெட்டியே மறுத்தது. இந்தக் கம்ப்யூட்டருக்கு இது பொருந்தாது என்று திரையில் எழுதிக் காட்டியது. சங்கிலி பல்லைக் காட்டியது. தகுதியைச் சோதிக்காமலே உள்ளே ஏற்றும் வித்தையை ஜன்னல் வழியாக அது பார்த்து வைத்திருந்தது. நாலு தட்டுத் தட்டியது. பெட்டி அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

சாயங்காலம் திரையில் நீல வானம் வந்தது. "வணக்கம்" என்றது ஒரு இனிமையான குரல். எலிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் குதித்தன. அந்த ஒரு வணக்கத்தைச் சொல்லி முடிப்பதற்குள் ஒரு ஆமை கொட்டகையைச் சுற்றி வந்துவிட்டது. அதை யாரும் கவனிக்கவில்லை. சங்கிலி கூலிக் கடலையைக் கன்னத்தில் திணித்துக்கொண்டு அடுத்த காட்டுக்குப் போய்விட்டது.

எலிகள் இன்னொன்றும் செய்தன. ஓடைக்கரையில் எப்போதும் நிற்கும் காவல் எலியை வீட்டுக்கு அனுப்பின. அரை நாள் முன்னாலேயே சொல்லப்போகிறதே, அப்புறம் எதற்கு ஒருவர் நனைய வேண்டும்?

செவத்தாளுக்கு ஒன்பது பிறந்தன. ஐந்தாம் நாள் காலை மலை உச்சி கறுத்தது.

புது சிஸ்டம் மேகத்தைப் பார்க்க ஆரம்பித்தது. கூடவே காற்றையும் தண்ணீரையும் பார்க்க வேண்டும். உள்ளே ஒன்றுக்குத்தான் இடம். மேகத்தை வெளியே வைத்துவிட்டுக் காற்றை எடுத்தது. காற்றை வெளியே வைத்துவிட்டுத் தண்ணீரை எடுத்தது. அதற்குள் மேகம் மறந்துபோயிற்று. திரும்பவும் முதலிலிருந்து. திரையில் ஒரு வட்டம் சுற்றியது. "தயவுசெய்து காத்திருக்கவும்" என்று எழுதியிருந்தது. மொக்கையன் காத்திருந்தது.

கீழே யாருக்கும் கவலை இல்லை. பெட்டி பேசவில்லை, ஆகவே வெள்ளம் இல்லை. செவத்தாள் படுத்துப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

நண்பகலில் தண்ணீர் சிவப்புக் கோட்டைத் தாண்டியது. மொக்கையன் வாசலிலிருந்து அதைக் கண்ணால் பார்த்தது. எல்லாப் பொத்தானையும் அழுத்தியது. வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. முட்களைக் கலகலவென்று உலுக்கியபடி கத்திக்கொண்டு கீழே ஓடியது. மழை இரைச்சலில் பாறையோரத்து வளைகளுக்கு மட்டும்தான் கேட்டது.

செவத்தாள் இரண்டு குஞ்சுகளைப் பாறையில் சேர்த்தாள். மூன்றாவதைக் கவ்விக்கொண்டு நீந்தியே வந்தாள். பாறையில் வைத்துப் பார்த்தபோது அது மூச்சு விடவில்லை. அதற்குமேல் போவதற்குப் பள்ளமே இல்லை.

சாயங்காலம் தண்ணீர் வடிந்தது. மிச்சமிருந்த எலிகள் பாறையில் ஒட்டிக்கொண்டு இறந்தவர்களை எண்ணிக்கொண்டிருந்தன. அப்போது கொட்டகையிலிருந்து அந்த இனிமையான குரல் வந்தது.

"வணக்கம். இன்று நண்பகலில் வெள்ளம் வர வாய்ப்பு உள்ளது. தயவுசெய்து பாதுகாப்பான இடத்துக்குச் செல்லவும்."

பழக்கதோஷத்தில் ஒரு கிழட்டு எலி எழுந்து இன்னும் கொஞ்சம் மேலே ஏறி உட்கார்ந்தது.

செவத்தாள் அசையவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே, "பழசைத் திரும்பப் போட முடியுமா மாமா?" என்று கேட்டாள்.

"அழிச்சாச்சு தாயி."

குறைந்தபட்சம் இவ்வளவு வேண்டும் என்று ஒரு பொருள் கேட்டால் அதனோடு பேரம் பேசாதீர்கள்; பேரத்தில் நீங்கள் ஜெயித்துவிடுவீர்கள், ஆனால் ஆபத்து வரும் நாளில் அந்தப் பொருள் உங்களைக் கைவிட்டுவிடும்.