பாசி கண்ணாடிக்குள் குடிபோன கதை

மரமும் மண்ணும்கூட வாய் திறந்து பேசிய காலம் அது. அப்போது ஓடைக் கற்களில் படிகிற பழுப்புப் பாசிக்கு ஓடு கிடையாது. கண்ணுக்குத் தெரியாத வெறும் சதைத் துளிதான். கரையோரத் தைலமரத்தில், அதன் தழையைத் தின்று வாழும், சின்னக் கரடி போன்ற கோவாலா குடியிருந்தாள். அவள் வயிற்றில் குட்டியைச் சுமக்க ஒரு பை உண்டு. அந்த வருடம் குட்டி இல்லை, பை காலியாகத்தான் கிடந்தது. தினமும் தண்ணீர் குடிக்க இறங்கி வந்து, பாசியோடு பேசிவிட்டுப் போவாள்.

மழை பொய்த்தது. ஓடை சுருங்கிச் சுருங்கி உள்ளங்கை அளவுக்கு வந்துவிட்டது.

“தங்கச்சி, நான் எப்படியோ போறேன். என் பிள்ளைங்கள மட்டும் உன் பையில வெச்சு மேட்டுச் சுனையில விட்டுடு” என்று பாசி கெஞ்சினாள்.

“அதுக்கென்னக்கா! இப்பப் பசிக்குது. போயிட்டு வர்றேன்” என்று கோவாலா மரமேறினாள்.

கிளம்புகிற எல்லோரும் சொல்வதுதான். ‘போறேன்’ என்றால் அபசகுனம் என்று ‘வர்றேன்’ சேர்த்துக்கொள்வது. பிறந்த கல்லைவிட்டு எங்குமே போயிராத பாசிக்கு இது எப்படித் தெரியும்?

மறுநாள் அந்த வழியாகச் சுனைக்குப் போன ஆமை, “பிள்ளைங்கள என் முதுகுல ஏத்திவிடு” என்றது.

“வேண்டாம். கோவாலா வர்றேன்னு சொல்லியிருக்கா.”

ஆமை போய்விட்டது. மேலே கோவாலா வயிறு முட்டத் தின்றுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் கல் காய்ந்தது. பிள்ளைகள் பொருக்காகி உதிர்ந்தன, ஒன்றுகூட மிஞ்சவில்லை.

கல்லுக்கடியில் ஒட்டியிருந்த ஈரத்தில் பாசி மட்டும் பிழைத்தாள். மணலைக் கரைத்துத் தன்னைச் சுற்றிக் கண்ணாடிப் பெட்டி கட்டி, மூடியை இழுத்துச் சாத்திக்கொண்டாள்.

மழை பெய்ததும் கோவாலா இறங்கி வந்தாள். “அக்கா, பிள்ளைங்க எங்க?”

“வர்றேன்னு சொன்னியே.”

“ஐயோ, அது ஒரு பேச்சுக்குச் சொன்னதுக்கா!”

மூடி திறக்கவில்லை. கல்லில் கால் வைத்தவள் வழுக்கி விழுந்தாள். எனக்கு அவள்மேல் இரக்கம் வரவில்லை.

அன்று மரமேறிய கோவாலா, இன்றும் தழையின் ஈரமே போதும் என்று கிடக்கிறாள். தண்ணீர் தேடி இறங்குவது அபூர்வம். பாசியோ, ஒவ்வொரு பிரசவத்திலும் தன் பெட்டியையே இரண்டாகப் பிரித்துப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பாதி கொடுக்கிறாள்: ஒருத்திக்கு மூடி, இன்னொருத்திக்கு மூடிக்குள் அடங்கும் அடிப்பாதி; மறுபாதியை அவரவரே உள்ளே கட்டிக்கொள்ள வேண்டும். சின்னப் பாதி கிடைத்த பிள்ளை, தாயைவிட ஒரு சுற்றுச் சிறுத்துத்தான் போகிறது. சிறுத்தால் என்ன? அந்தக் குடும்பத்தில் இப்போது ஒருத்தியும் பிறத்தியாரை நம்பிப் பிள்ளை பெறுவதில்லை.