தழும்பு முகத்தார் படை

வெகு காலத்துக்கு முன்னால், மலைக்கும் ஆற்றுக்கும் நடுவே இருந்த கொன்றையூர் நாட்டைப் பூவேந்தன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் நினைத்ததை உடனே உத்தரவாக்கிவிடுவார். "அம்மைத் தழும்பு முகங்கள் சபைக்கு அழகில்லை, பிரபு" என்று கனகராயர் ஒருநாள் காதில் ஓதினார். அவ்வளவுதான், தழும்புள்ளவர் யாரும் சபைக்குள் வரக்கூடாது என்று ஆகிவிட்டது.

இந்தக் கனகராயர் பெரிய பணக்காரப் பிரபு. மந்திரி மதியாபரணரின் பதவி மேல் அவருக்கு நெடுநாளாக ஒரு கண்.

அந்தக் கோடையில் நெசவாளர் தெருவில் பெரியம்மை புகுந்தது. வீட்டுக்கு வீடு ஆட்கள் படுக்கையில் விழுந்தார்கள்.

"தெருவின் இரண்டு முனையையும் அடைத்துவிடலாம், பிரபு" என்றார் கனகராயர்.

"அடைப்பது சரி. உள்ளே இருப்பவர்களுக்குச் சோறு தண்ணீர்?" என்று கேட்டார் மந்திரி.

"உள்ளே போகிறவனும் அல்லவா விழுவான்! அவ்வளவு அக்கறை இருந்தால் நீரே ஆள் அனுப்புமேன்."

ராஜாவுக்கு இந்தச் சண்டை சுவாரசியமாகிவிட்டது. "அனுப்பும் மந்திரியாரே! போனவர்களில் ஒருவருக்கு அம்மை கண்டாலும் உம் பதவி கனகராயருக்கு."

"சம்மதம் பிரபு. உள்ளே போகிற படைக்குத் தலைவரை மட்டும் நான்தான் தேர்ந்தெடுப்பேன்."

"தேர்ந்தெடும்."

"கனகராயர்!"

சபை கொல்லென்று சிரித்தது. கனகராயருக்கு வியர்த்துக் கொட்டியது. "ஐயோ பிரபு, என்னைக் கொல்லப் பார்க்கிறார்!"

மந்திரி தன் தோள்துண்டை நீட்டினார். "உமக்கு ஒன்றும் ஆகாது, ஐயா. முகத்தைத் துடைத்துக்கொள்ளும்."

பதற்றத்தில் அவரும் துடைத்துவிட்டார். கெட்டியாகப் பூசியிருந்த சந்தனம் துண்டோடு வந்துவிட்டது. கன்னம் முழுக்கக் குழிகுழியாகத் தழும்பு!

"அந்த உத்தரவைப் போடச் சொன்னதே நீர்தானே!" என்றார் ராஜா.

"சின்ன வயதில் வந்தது, பிரபு..." கனகராயர் தலை நிமிரவில்லை.

"அதனால்தான் தேர்ந்தெடுத்தேன்" என்றார் மந்திரி. "அம்மையைக் கொண்டுவருவது கண்ணுக்குத் தெரியாத ஒரு பகை, பிரபு. தானாகப் பெருக அதற்கு வழியில்லை. உடம்பின் நுண்ணிய அறைகளுக்குள் நுழைந்து, அங்கே நடக்கிற வேலையைத் தனக்காகத் திருப்பிக்கொள்ளும். அந்த அறையே அதைப் போல நூறு நூறாகச் செய்து தரும். பிறகு அறை உடையும், அத்தனையும் பக்கத்து அறைகளுக்குள் பாயும். உடம்பு சும்மா இருக்குமா? தன் காவலர்களைத் திரட்டும். காய்ச்சலாகக் கொதிப்பது அந்தப் போர்தான். பிழைத்தவர் உடம்பு அந்தப் பகையின் அடையாளத்தை மறப்பதில்லை. மறுபடி வந்தால் பெருகுமுன்னே பிடித்துவிடும். அதனால் தழும்புள்ளவர்களே உள்ளே போகட்டும்."

அந்தக் காலத்தில் அந்தப் பகைக்குப் பேர் கிடையாது. நாம்தான் இப்போது அதை வைரஸ் என்றும் அந்த நுண்ணிய அறைகளைச் செல்கள் என்றும் சொல்கிறோம்.

ஊரெங்குமிருந்து தழும்பு முகத்தார் திரண்டார்கள். அவர்களில் பெருந்தேவி என்ற உப்பு வியாபாரி, கனகராயர் கையில் ஒரு கஞ்சிப்பானையைத் திணித்து, "நடங்க ஐயா, புள்ளைங்க பசியில கிடக்குதுங்க" என்றாள். அவரும் நடந்தார். முதல் வீட்டில் ஒரு குழந்தை அவர் விரலைப் பிடித்துக்கொண்டு கஞ்சி குடித்தது. அன்றைக்கு அவர் வீடு திரும்பவே இல்லை.

சிலரைக் காப்பாற்ற முடியவில்லை. ஆனால் பசியாலும் தாகத்தாலும் ஒருவரும் சாகவில்லை. படையில் போனவர்களில் ஒருவருக்கும் அம்மை காணவில்லை.

தெரு திறந்த அன்று அத்தனை பேரையும் சபைக்கு அழைத்து, ராஜா எழுந்து நின்று வணங்கினார். பழைய உத்தரவு போனது. பெருந்தேவிக்கு ஆற்றோரம் நிலம் கிடைத்தது. மந்திரி பதவி மந்திரியிடமே இருந்தது. கனகராயர் அதைக் கேட்கவும் இல்லை.

ராஜா தன் மார்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "மந்திரியாரே, எனக்குள்ளும் நீர் சொன்ன அந்தக் காவலர் படை இருக்கிறதா?"

"இருக்கிறது பிரபு. இந்த நிமிஷமும் காவல் காக்கிறது."

"நான் இதுவரை ஒரு பரிசும் கொடுத்ததில்லையே! என்ன கொடுத்தால் வாங்கிக்கொள்ளும்?"

"வேளைக்குச் சாப்பாடு. நல்ல தூக்கம்" என்றார் மந்திரி.

ராஜா உடனே சபையைக் கலைத்துவிட்டுத் தூங்கப் போனார்.