பிரேக்கில் இருந்த கால்

இந்தக் கதையில் குருவுக்கு முப்பத்தொரு வயது, சீடருக்கு அறுபது. குரு சித்ரகலா, மலையில் ஜீப் ஓட்டுகிறவள். சீடர் மாசானம், இருபத்தாறு வருடம் டவுன் பஸ் ஓட்டியவர். முதல் நாள் அவளை "நீ, வா" என்றவர், முதல் பாறையில் ஜீப் சறுக்கியதுமே "நீங்க, வாங்க" என்று மாறிவிட்டார்.

மலைமேல் தேயிலைத் தோட்டத்தில் அவர் மகளுக்கு ஒன்பதாம் மாதம். வலி எடுத்தால் கீழே கொண்டுவர இருப்பது இந்த ஒரே பாதை. ஜீப் கிடைக்கும், ஓட்ட ஆள் கிடைக்குமா என்ற கவலை அரிக்க, தானே ஓட்டப் பழக வந்திருந்தார்.

அந்தப் பாதையிலேயே மோசமான இறக்கம் இருநூறு அடிதான். படிக்கட்டுபோல் பாறைகள், இடப்பக்கம் கிடுகிடு பள்ளம். மூன்றாவது படியில் முன்சக்கரம் இறங்கியதும் மாசானத்தின் கால்கள் பஸ் ஓட்டிய பழக்கத்தில் கிளட்சையும் பிரேக்கையும் சேர்த்து மிதித்தன. சக்கரங்கள் நின்றன, ஜீப் நிற்கவில்லை. உதிரிக் கற்களோடு பள்ளத்தைப் பார்த்து ஒரு முழம் வழுக்கி, ஒரு பாறையில் முட்டி நின்றது.

"முதல் கியர் வண்டியப் பிடிச்சுக்கிடும், ரெண்டு காலையும் எடுங்கய்யான்னு எத்தன தடவ சொல்லுறது?"

"எடுக்கணும்னுதான் நெனைக்கேன். கால் கேக்க மாட்டேங்குது. உங்களுக்கு இந்தப் பயம் எப்பம்மா போச்சு?"

சித்ரகலா பக்கத்து இருக்கையிலிருந்து இறங்கிப் போய், ஜீப்புக்குப் பத்தடி முன்னால், பாதையின் நடுவில் முதுகைக் காட்டி நின்றாள்.

"நான் நடக்கேன். பின்னாலயே வாங்க."

"தள்ளிப் போங்கம்மா! பிரேக்க மிதிச்சேன்னா வண்டி வழுக்கி உங்க மேலதான்..."

"அப்ப மிதிக்காதீங்க."

அவள் நடக்க ஆரம்பித்துவிட்டாள். மாசானம் மனசுக்குள் குலசாமியைக் கூப்பிட்டுக்கொண்டே கால்களை எடுத்தார். எஞ்சின் உறுமி ஜீப்பை இழுத்துப் பிடித்தது. ஒவ்வொரு படியிலும் வண்டி தலைகுப்புறக் கவிழப்போவதுபோல் குனிந்து, மெல்ல நிமிர்ந்தது. இரண்டு தடவை கால் பிரேக்குக்குப் போகப் பார்த்தது. இரண்டு தடவையும் எதிரே ஆடிய அவள் பின்னலைப் பார்த்துக் காலை இழுத்துக்கொண்டார். அவள் ஒருமுறைகூடத் திரும்பவில்லை.

கீழே மண்தரை வந்ததும் சித்ரகலா ஒதுங்கினாள். மாசானம் ஜீப்பை நிறுத்திவிட்டு இறங்கினார். கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"கொஞ்சமாச்சும் பயம் இருக்காம்மா உங்களுக்கு? திரும்பிக்கூடப் பாக்காம நடக்கீங்க!"

அவள் துப்பட்டாவால் முகத்தைத் துடைத்தாள். அந்தக் கை வெடவெடவென்று நடுங்குவதை அவர் அப்போதுதான் பார்த்தார்.

"திரும்பியிருந்தா, என் மூஞ்சியப் பாத்து நீங்க பிரேக்க மிதிச்சிருப்பீங்கய்யா."