பதினோராவது லாரி

"மேடம், என் புரோகிராமுக்குள்ள ஒரு திருடன் இருக்கான். நாலு மாசமாத் தேடறேன். மாட்டவே மாட்டேங்கறான்."

இப்படிச் சொன்னவர் சீடர். பெயர் கோதண்டபாணி, வயது அறுபத்தைந்து. நகராட்சிக் குடிநீர்ப் பிரிவில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பேரனைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வர வேண்டிய வயதில், பையைத் தூக்கிக்கொண்டு தானே பி.எச்டி. படிக்கக் கிளம்பிவிட்டார்.

குருவின் பெயர் மெஹருன்னிசா. கணிதத் துறைப் பேராசிரியர், வயது நாற்பத்திரண்டு.

குரு சீடரை சார் என்பார். சீடர் குருவை மேடம் என்பார். பார்க்கிறவர்கள்தான் குழம்பிப்போவார்கள். அவர்கள் இருவருக்கும் அதில் எந்தக் குழப்பமும் இல்லை.

"என்ன திருடறான் சார்?"

"தண்ணி லாரி."

கோதண்டபாணியின் ஆராய்ச்சி அதைப் பற்றித்தான். தண்ணீர்ப் பஞ்ச காலத்தில் லாரிகளை வார்டுகளுக்கு நியாயமாகப் பங்கிடுவது எப்படி? விதியும் அவர் போட்டதுதான். வேலையில் இருந்தபோது பத்தொன்பது வருடம் அதன்படிதான் பங்கிட்டார். அதை இப்போது நாற்பத்தெட்டு வார்டுகளுக்குப் புரோகிராமாக எழுதியிருந்தார். தீசிஸ் கொடுக்க ஒன்பது நாள் இருந்தது. அதற்குள் கொடுக்காவிட்டால் ஆறு வருடப் படிப்பும் போச்சு.

"மொத்த லாரியில ஒண்ணு கூட்டறேன். எங்கயோ ஒரு சின்ன வார்டுக்கு ஒண்ணு குறைஞ்சுடுது. கூடினா எப்படி மேடம் குறையும்? எவனோ எடுத்தாத்தானே குறையும்?"

குரு எழுந்தார். அலமாரியிலிருந்து தீசிஸின் பழைய பிரதியை எடுத்தார். நாலாவது அத்தியாயம். அதில் ஒரு வரிக்குக் கீழே சிவப்புக் கோடு போட்டிருந்தது.

'மொத்த லாரிகள் கூடினால் எந்த வார்டின் பங்கும் குறையாது. இது வெளிப்படை.'

"ரெண்டு வருஷத்துக்கு முன்னால இதை நிரூபிக்கச் சொன்னேன்."

சீடர் சிரித்தார். "பால் வெள்ளைன்னு நிரூபிக்கச் சொல்ற மாதிரி இருக்கு மேடம். அதை விடுங்க. புரோகிராம்ல தப்பு எங்க இருக்குன்னு பாத்துச் சொல்லுங்க."

குரு தீசிஸை மூடினார். ஒரு சாக்பீஸ் டப்பாவை மேசை மேல் வைத்தார்.

"கம்ப்யூட்டரை மூடி வைங்க. நாப்பத்தெட்டு வார்டும் வேண்டாம். நீங்க வேலை பாத்த ஊர்ல ஏதாவது மூணு தெரு சொல்லுங்க."

அதைக் கேட்டால் அவருக்குத் தூக்கத்திலும் வரும். "மேலத்தெரு அறுநூறு வீடு. சந்தைப்பேட்டை அறுநூறு வீடு. உப்புக்குளம் காலனி இருநூறு வீடு."

"லாரி?"

"பத்து."

குரு பத்து சாக்பீஸை எண்ணி அவர் முன்னால் வைத்தார். "பங்கு போடுங்க."

சின்னப் பிள்ளை விளையாட்டு மாதிரி இருந்தது. இருந்தாலும் போட்டார்.

"ஆயிரத்து நானூறு வீடு, பத்து லாரி. நூத்தி நாப்பது வீட்டுக்கு ஒண்ணு. மேலத்தெருவுக்கு நாலு, நாப்பது வீடு மிச்சம். சந்தைப்பேட்டைக்கும் அப்படியே. காலனிக்கு ஒண்ணு, அறுபது வீடு மிச்சம். ஒன்பது லாரி போயிடுச்சு. கடைசி லாரி, யாருக்கு மிச்சம் அதிகமோ அவங்களுக்கு. காலனிக்கு."

நாலு, நாலு, இரண்டு. சாக்பீஸ்கள் ஒழுங்காகக் கிடந்தன.

"ரொம்ப நியாயம்," என்றார் குரு.

சீடருக்கு முகம் மலர்ந்தது. ஆறு வருடத்தில் குரு அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

குரு டப்பாவிலிருந்து இன்னொரு சாக்பீஸை எடுத்தார். "பதினோராவது லாரி வந்திருக்கு. மறுபடியும் போடுங்க."

சீடர் எல்லாவற்றையும் கலைத்துவிட்டு ஆரம்பித்தார்.

"பதினொண்ணு. அப்போ நூத்தி இருபத்தேழு வீட்டுக்கு ஒண்ணு, சொச்சம். மேலத்தெருவுக்கு நாலு, மிச்சம் தொண்ணூத்தோரு வீடு. சந்தைப்பேட்டைக்கு நாலு, மிச்சம் தொண்ணூத்தொண்ணு. காலனிக்கு ஒண்ணு, மிச்சம் எழுபத்து மூணு. கையில ரெண்டு லாரி. மிச்சம் அதிகம் இருக்கறது மேலத்தெருவுக்கும்..."

கை பாதியில் நின்றது.

"போடுங்க சார். உங்க விதிதானே."

ஒன்றை மேலத்தெருவுக்கு வைத்தார். ஒன்றைச் சந்தைப்பேட்டைக்கு வைத்தார்.

ஐந்து, ஐந்து, ஒன்று.

காலனிக்கு முன்னால் ஒரே ஒரு சாக்பீஸ் கிடந்தது.

அவர் மேசைக்குக் கீழே குனிந்து பார்த்தார். உருண்டு விழுந்திருக்குமோ என்று ஒரு சபலம். படித்த மனுஷன், முப்பது வருடம் பொறியாளர், தரையில் சாக்பீஸ் தேடினார். மறுபடியும் கலைத்தார். மறுபடியும் போட்டார். மறுபடியும் ஒன்றுதான்.

"யாருமே எடுக்கலையே மேடம்."

"இல்லை சார். நீங்களும் நானும்தான் இருக்கோம்."

"அப்போ புரோகிராம்..."

"சரியாத்தான் வேலை செய்யுது. நீங்க சொன்னதை அப்படியே செய்யுது."

சீடர் நாற்காலியில் சாய்ந்தார். வியர்த்துவிட்டது.

"இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"உலகத்துக்கே தெரியும். வேற ஒரு நாட்டுல நாடாளுமன்ற சீட்டைப் பிரிக்கும்போது நூத்தி நாப்பது வருஷத்துக்கு முன்னாலயே முழிச்சுக்கிட்டு நின்னிருக்காங்க."

"முதல் நாளே சொல்லியிருக்கலாமே!"

"சொல்லியிருந்தா அடிக்குறிப்புல போட்டுட்டு மறந்திருப்பீங்க."

அவருக்குக் கோபம் வந்தது, ஆனால் நிற்கவில்லை. சாக்பீஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

குரு ஏதோ நினைத்துக்கொண்டு கேட்டார். "அந்த மூணு தெருவுக்கு உண்மையிலேயே பதினோராவது லாரி எப்பவாவது வந்துச்சா?"

சாதாரணமாகக் கேட்ட கேள்விதான். சீடரின் முகம் வெளுத்துவிட்டது. குரு பயந்துபோய்த் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். அவர் வாங்கவில்லை.

"ஒரே ஒரு நாள் வந்துச்சு," என்றார் கடைசியில். "கலெக்டர் வர்றார்னு பக்கத்து ஊர் லாரியைக் கொடுத்தாங்க. மத்தியானம் காலனிப் பொம்பளைங்க குடத்தோட ஆபீசுக்கு வந்துட்டாங்க. தினம் ரெண்டு வரும், இன்னைக்கு ஏன் ஒண்ணுன்னு சத்தம். அந்த ரெண்டாவது லாரி ஓட்டறவன் சவரிமுத்துன்னு ஒரு தற்காலிக டிரைவர். அவனைக் கூப்பிட்டேன்."

"என்ன சொன்னார்?"

"'எனக்கு இன்னைக்கு மேலத்தெருன்னுதான் சீட்டு குடுத்தாங்க சார்'னு சீட்டை நீட்டினான். லாரி கூடியிருக்கற அன்னைக்குக் காலனிக்கு எப்படிடா குறையும், எந்த லாட்ஜுக்கு வித்தேன்னு கேட்டேன்."

"சீட்டு எழுதறது யாரு?"

"கிளார்க். என் விதிப்படி கணக்குப் போட்டு எழுதுவார். பயந்த மனுஷர். வாயே திறக்கல."

"நீங்க அவரைக் கேட்டீங்களா?"

"இல்ல."

"பதிவேட்டைப் பாத்தீங்களா?"

"இல்ல."

"மேலத்தெருவுல போய் விசாரிச்சீங்களா?"

அவர் இல்லை என்று தலையை ஆட்டினார்.

"ஏன் சார்?"

அவர் மேசையில் கிடந்த தீசிஸைப் பார்த்தார். பதில் அதற்குள்ளேயே அச்சாகியிருந்தது: 'இது வெளிப்படை.'

"சீட்டை அவன் கண்ணு முன்னாலயே கிழிச்சேன். அன்னைக்கே வேலையை விட்டு நீக்கினேன். மறுநாள் அந்த வெளியூர் லாரி திரும்பிப் போயிடுச்சு. காலனிக்குப் பழையபடி ரெண்டு லாரி வந்துச்சு. பாத்தீங்களா, அவனைத் துரத்தினதும் தண்ணி வந்துடுச்சுன்னு எல்லாரும் என்னைப் பாராட்டினாங்க. மாலை போட்டாங்க மேடம். மாலை போட்டாங்க."

ஜன்னலுக்கு வெளியே மாணவர்கள் யாரோ உரக்கச் சிரித்துக்கொண்டு போனார்கள். குரு எழுந்து ஜன்னலைச் சாத்தினார். சாக்பீஸை எடுத்து வைத்தபோது அவர் பாடம்தான் நடத்த நினைத்தார், இதை அவர் எதிர்பார்க்கவே இல்லை.

கோதண்டபாணி பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். தீசிஸ் மேசையிலேயே கிடந்தது.

"எங்க சார் கிளம்பிட்டீங்க?"

"அவரைப் பாக்கணும்."

'அவன்' 'அவர்' ஆகியிருந்ததைக் குரு கவனித்தார்.

"ஒன்பது நாள்தான் இருக்கு."

"அவருக்கு இருபத்தி ரெண்டு வருஷம் ஆச்சு மேடம்."

"முகவரி இருக்கா?"

"இல்ல."

"அவ்வளவு பெரிய ஊர்ல எப்படிக் கண்டுபிடிப்பீங்க? சவரிமுத்துன்னு நூறு பேர் இருப்பாங்களே."

சீடர் கதவருகே நின்றார். திரும்பவில்லை.

"கண்டுபிடிச்சுடலாம். 'தண்ணித் திருடன் சவரிமுத்து'ன்னு கேட்டா இன்னைக்கும் அந்த ஊர்ல யாரு வேணும்னாலும் வீட்டைக் காட்டுவாங்க. அந்தப் பேரை வெச்சது நான்தான்."