மூன்றாம் குன்றின் முரசு

முன்னொரு காலத்தில், சண்டை போட ஆளில்லாமல் பொழுதே போகாத ஒரு ராஜா இருந்தார். சும்மா இருக்க முடியுமா? அடுத்த நாட்டு ராஜாவோடு சதுரங்கம் ஆடத் தொடங்கினார், அவரவர் அரண்மனையில் உட்கார்ந்தபடியே. இடையில் நான்கு குன்றுகள். குன்றுக்கொரு முரசு, முரசுக்கொரு ஆள். இவர் காய் நகர்த்தினால் சேதி முரசு முரசாகத் தாவிப் போகும். அடியில் துளையிட்ட நாழிகை வட்டில் தண்ணீரில் மூழ்குவதற்குள் போய்ச் சேராவிட்டால் ஆட்டம் தோற்றது.

ஜெயித்த நாளெல்லாம் ராஜா தன் மூளையை மெச்சிக்கொண்டார். தோற்ற நாளெல்லாம் முரசைத் திட்டினார். பந்தயம் வைத்த பட்டத்து யானையைத் தோற்ற அன்று வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார்.

"யார் செய்த பிழை இது?"

"மூன்றாம் குன்றின் முத்திருளன், பிரபு. தூங்கிவிட்டான்," என்றார் ஆட்ட அதிகாரி ஏகாம்பரர். "அவனை வேலையில் சேர்த்துவிட்டதே நம் அரண்மனை விகடன் வேம்பன்தான்." வேம்பன் மேல் அவருக்கு அப்படியொரு வயிற்றெரிச்சல்.

"நாளைக் காலை முத்திருளன் தலை போகட்டும்," என்றார் ராஜா.

முத்திருளன் வேம்பனின் ஊர்க்காரன், வாயில்லாப் பூச்சி. கெஞ்சினால் ராஜா இன்னும் முறுக்கிக்கொள்வார். அதனால் வேம்பன் சிரித்த முகத்தோடு எழுந்தான்.

"ஆகட்டும், மன்னா. ஆனால் குன்று தாண்டும் கட்டளை முரசில்தான் போக வேண்டும் என்பது தாங்கள் போட்ட சட்டம். காவற்படை நான்காம் குன்றில் இருக்கிறது. முத்திருளன் அடித்தால்தானே அவர்களுக்குக் கேட்கும்?"

"அவனே அடிக்கட்டும்," என்றார் ராஜா.

யோசனை சொன்ன வேம்பன், பாவி மனுஷன் தன் சாவைத் தன் கையாலேயே அடிக்க வேண்டுமே என்று தனக்குள் நொந்துகொண்டான். முரசு முழங்கியது. வட்டில் பாதி மூழ்குவதற்குள் பதில் வந்துவிட்டது: முத்திருளன் தலையை வெட்டும் கட்டளை ஒரு சொல்லும் குறையாமல் காவற்படைக்குக் கிடைத்தது.

"மன்னா, தன் தலை போகும் சேதியையே தாமதிக்காதவன், தங்கள் குதிரை நகர்ந்த சேதியையா தாமதித்திருப்பான்? வட்டிலின் விளிம்பு மட்டும் தெரியும்வரை காயை நகர்த்தாமல் தாடையைச் சொறிந்துகொண்டிருந்தது யார்?"

சபை நடுங்கியது. ராஜா முறைத்தார். பிறகு தொப்பை குலுங்கச் சிரித்து, முத்துமாலையைக் கழற்றி வேம்பன் கழுத்தில் போட்டார். "மன்னித்தோம் என்று அடிக்கச் சொல்லுங்கள்."

மன்னிப்பு போயிற்று. பதில் வரவில்லை. வட்டில் மூழ்கியது. எடுத்து வைத்தார்கள், மறுபடியும் மூழ்கியது.

"பார்த்தீர்களா, பிரபு? திரும்பவும் சேதி நடுவில் அறுந்துவிட்டது," என்றார் ஏகாம்பரர்.

அப்போது இரண்டாம் குன்றிலிருந்து சேதி வந்தது. மன்னித்த சேதி முத்திருளன் காதில் விழுந்துவிட்டது. முரசைக் கட்டிக்கொண்டு அழுகிறான். கோலை எடுக்க அவன் கை எழவில்லை.

ராஜாவின் சிரிப்பு நின்றுவிட்டது. "இது யார் செய்த பிழை, வேம்பா?" என்று மெல்லக் கேட்டார்.

"தீர்ப்புச் சொன்னது தாங்கள். அதை அவன் கையால் அடிக்க வைத்தது நான்." வேம்பன் கைகூப்பினான். "ஒரு குதிரை கொடுங்கள், மன்னா. காவற்படைக்கு மன்னிப்பை நானே கொண்டுபோகிறேன். வழியில் முத்திருளனிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும்."

ராஜா தலை நிமிரவில்லை. "எனக்கும் சேர்த்துக் கேள்," என்றார்.